சட்டியிலும் அலகிலும் ஒரே வயல்! பள்ளுருத்தி பக்கம் காரும் அடுப்பும் பைனாகுலருமாய்க் கிளம்பினால்… தெரியுமா?

பறவை பார்க்க வேண்டுமென்றால் காட்டுக்குப் போக வேண்டும், காரில் தங்க வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டும், வெட்டவெளியில் சமைக்க வேண்டுமென்றால் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? மூன்றும் ஒரே இடத்தில், அதுவும் கொச்சி மாநகரத்தின் ஓரத்திலேயே கிடைக்கிறது! பள்ளுருத்தியிலிருந்து தெற்கே திரும்பி, பெரும்படப்பு தாண்டிப் பாலம் ஏறினால் கும்பளங்கி. அங்கிருந்து மேற்கே கண்டக்கடவுக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் நீர் நிறைந்த வயல்கள். அந்த நீரில் நிற்பவை, நடப்பவை, மூழ்குபவை, மிதப்பவை எல்லாமே பறவைகள்! வண்டியை ஓரம் கட்டுங்கள், கண்ணாடியை இறக்குங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

உங்கள் கார்தான் உலகின் மிகச் சுலபமான மறைவிடம், தெரியுமா?

நடந்து போகும் மனிதரைக் கண்டால் கொக்கு எழுந்து பறந்துவிடும். அதே கொக்கு, பக்கத்தில் கார் வந்து நின்றால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மீனைத் தேட ஆரம்பித்துவிடும்! இரண்டு கால், இரண்டு கை, தலை என்கிற உருவம்தான் அதற்குப் பயம். நாள் முழுக்க வண்டி போகும் சாலையில் பெட்டி மாதிரி நிற்கும் ஒன்று அதற்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவதில்லை. மூன்றே மூன்று விதிகள்: என்ஜினை அணைக்க வேண்டும், பாட்டை நிறுத்த வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது. பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். வயல் உங்களை மறந்துவிடும்!

ஒரே வயலில் ஒரு பருவம் நெல், ஒரு பருவம் இறால்!

இந்த வயல்களுக்குப் பெயர் பொக்காளி. உப்புநீரைத் தாங்கி வளரும் பழம்பெரும் நெல். கடலும் காயலும் ஏறி இறங்கும் சதுப்பில், கோடையில் மண்ணைக் குவித்துச் சிறு மேடுகள் கட்டுகிறார்கள். பருவமழை கொட்டி உப்பைக் கழுவியதும் அந்த மேடுகளில் விதைக்கிறார்கள். பயிர் ஆளுயரம் கூட எழும்பும். உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது! அறுவடையின்போது கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாள் அழுகி, அடுத்து வரும் இறாலுக்கு உணவாகிறது. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு எருவாகிறது. இந்த நெல்லுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இதற்கான ஆராய்ச்சி நிலையம் கொச்சி நகரத்துக்குள்ளேயே, வைற்றிலாவில் இருக்கிறது. அங்கே பிறந்த ரகங்களுக்கு வைற்றிலா 1, வைற்றிலா 2 என்று ஊர்ப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்!

இறால் காலமும் வலசைக் காலமும் ஒன்றாக வருவது தெரியுமா?

நெல் முடிந்ததும், நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை வயல் ‘செம்மீன் கெட்டு’, அதாவது இறால் வயல், ஆகிவிடுகிறது. வடக்கே பனி விழும்போது இங்கே வந்து இறங்கும் விருந்தாளிப் பறவைகள் தங்குவதும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான்! மீசை ஆலா, கருவால் மூக்கன், உள்ளான், உப்புக்கொத்தி என்று கூட்டம் கூட்டமாக வருகின்றன. உலகத்திலேயே பெரிய ஆலாவான, மிளகாய்ப்பழம் போலச் சிவந்த அலகு கொண்ட காஸ்பியன் ஆலாவையும் இங்கே பார்க்கலாம். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து நின்று ஊரையே வயலோரம் வரவழைத்துவிடுகின்றன!

இருட்டில் தொங்கும் விளக்கு எதற்கு?

வயலுக்கும் காயலுக்கும் நடுவில் இருக்கும் மடைக்கு இந்த ஊரில் பெயர் ‘தூம்பு’. ஆம், நம் ஏரிக்கரைத் தூம்பேதான்! காயல்நீர் ஏறும்போது மரப்பலகையைத் தூக்கி, மேலே ஒரு விளக்கைத் தொங்கவிடுகிறார்கள். வெளிச்சத்தைத் தேடி இறால் குஞ்சுகள் நீரோடு உள்ளே வருகின்றன. வளர்ந்தபின், நீர் இறங்கும்போது தூம்பு வாயில் வலையைக் கட்டி அள்ளுகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வேகமாக ஏறி இறங்கும் நாட்களுக்குத் ‘தக்கம்’ என்று பெயர். காரில் இரவு தங்க நாள் குறிக்கிறீர்களா? பஞ்சாங்கத்தைப் பாருங்கள். தக்க நாளின் விடியலில் இறாலும் கிடைக்கும், அதற்காகக் காத்திருக்கும் பறவைகளும் கிடைக்கும்!

கேமரா வைக்கும் மூட்டையே காலைச் சாப்பாடு ஆகும், தெரியுமா?

கார் ஜன்னலில் கேமராவையோ பைனாகுலரையோ ஆடாமல் வைக்கப் பறவைப் படக்காரர்கள் ஒரு சின்னத் துணிமூட்டையை வைப்பார்கள். அதற்குள் மணலோ தெர்மோகோல் மணியோ எதற்கு? நான் அடைப்பது ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு. லென்ஸின் வடிவத்துக்கு அழகாக அமுங்கிக் கொடுக்கும், துளி அசையாது. பார்த்து முடித்ததும் இரண்டு கை பயறை அள்ளிக் கழுவிக் குக்கரில் போட்டால் கஞ்சியும் பயறும்! கேரளத்தின் ஆக எளிய சாப்பாடு காரின் ஜன்னல் விளிம்பிலேயே தயாராக இருக்கிறது!

ஒரே பறவையை அலகைப் பார்த்து ஒரு மொழியும் இரையைப் பார்த்து ஒரு மொழியும் அழைக்கின்றன!

வயல் நடுவே சாம்பல் வெள்ளையில் நிற்கும் அந்தப் பெரிய நாரையை நன்றாகப் பாருங்கள். மூடிய அலகின் நடுவில் ஒரு இடைவெளி தெரிகிறதா? மலையாளத்தில் அதன் பெயர் ‘சேராக்கொக்கன்’. அலகு சேராதவன்! தமிழில் ‘நத்தைகுத்தி நாரை’. நத்தையைக் குத்தி எடுப்பவன்! இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் முழுக்கதையும் வந்துவிடுகிறது. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவுவதற்குத்தான் அந்தச் சேராத அலகு. குஞ்சாக இருக்கும்போது இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகிறது. நமது ‘ஆலா’ அங்கே ‘ஆள’. நமது நீலத் தாழைக்கோழி அங்கே ‘நீலக்கோழி’. விராலைப் பாய்ந்து அடிக்கும் கழுகுக்கு நம் ஆட்கள் வைத்த பெயரோ ‘விராலடிப்பான்’. பெயரிலேயே வேட்டை நடக்கிறது!

தூண்டில் போடும் கொக்கு உண்டு, தெரியுமா?

கைதைப் புதரடியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் சின்னப் பச்சைக்கொக்கைக் கவனிக்காமல் தாண்டிவிடாதீர்கள். ஜப்பானில் இந்த இனம் பூச்சியையும் இறகையும் அலகால் எடுத்து நீரில் போட்டு, அதைக் கொத்த வரும் மீனைப் பிடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்! இரை நகர்ந்துபோனால் எடுத்து மறுபடி சரியான இடத்தில் போடுமாம். வலை வீசும் மனிதர், சீனவலை இறக்கும் மனிதர், தூண்டில் போடும் கொக்கு. மூவரும் ஒரே காயலின் மீனவர்கள்!

ஒரு கை நீளத்தில் ஒரு ஆலா!

இதை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜனவரி மாதத்து விடியல். முந்தின நாள் மாலையே கெட்டு காவல்காரரிடம் கேட்டிருந்தோம்.

“சேட்டா, ராத்திரி வண்டியை இங்கே போட்டுக்கலாமா?”

“போட்டுக்கோ மோனே. தூம்புப் பக்கம் மட்டும் டார்ச் அடிக்காதே. இறாலும் பயப்படும், பறவையும் பயப்படும்.”

பின்சீட்டை மடித்துப் பாய் விரித்துப் படுத்தோம். நாலரை மணிக்கு எழுப்பியது அலாரம் அல்ல, ‘க்வாக்’ என்று ஒற்றைக் குரல் கொடுத்தபடி தலைக்கு மேலே போன இராக்கொக்கு! வெளுக்கத் தொடங்கும்போது காவல்காரர் வலையைத் தூக்கினார். அரைக் கிலோ இறாலை எங்களுக்கு நிறுத்துக் கொடுத்தார். வண்டியிலிருந்து பத்தடி தள்ளி, காற்று மறைவில் அடுப்பை வைத்து, தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் விழுந்த அந்த நொடியில், தூம்பு வாயில் மீசை ஆலாக்கள் வந்தன.

அவை மற்ற ஆலாக்களைப் போலத் தலைகுப்புறப் பாய்வதில்லை. நீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில் சிறகடித்துக்கொண்டே நகர்ந்து, சட்டென்று அலகை மட்டும் தாழ்த்தி மேற்பரப்பிலிருந்து பொறுக்கிக்கொண்டு எழும்புகின்றன. ஒன்று கரைக்கு மிக அருகே வந்தது. பைனாகுலர் தேவைப்படவே இல்லை. அதன் அலகில் ஒரு இறால், என் சுண்டுவிரல் நகத்தளவு, உடல் கண்ணாடி மாதிரி, மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சட்டியில் வதங்கிக்கொண்டிருந்ததும் அதே வயலின் இறால்தான்! அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது: நான் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை, பந்தியில் உட்கார்ந்திருப்பவன். பக்கத்து இலை ஆலாவுடையது.

11 நாள் சாப்பிடாமல், தூங்க இறங்காமல் 13,560 கிலோமீட்டர்!

வயலில் நீண்ட மூக்கைச் சேற்றில் செருகி நடக்கும் கருவால் மூக்கனைப் பார்த்துக்கொண்டே இதைப் படியுங்கள். இதன் நெருங்கிய உறவான பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்தே மாதமான குஞ்சு, 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து போனது! தூரம் 13,560 கிலோமீட்டர். செயற்கைக்கோள் கருவி மாட்டியிருந்ததால் ஒவ்வொரு நாளும் பதிவானது. புறப்படும் முன்னால் இவை கொழுப்பை ஏற்றிக்கொண்டு, இரைப்பையையும் குடலையும் சுருக்கிக்கொள்கின்றன. பயணத்துக்கு நாம் சமையலறையையே கட்டி எடுத்துப் போகிறோம், இந்தப் பறவை தன் சமையலறையைச் சுருக்கிவிட்டுக் கிளம்புகிறது!

நெருப்பைத் தூக்கிப் பறக்கும் பருந்து!

மீன் நறுக்கத் தொடங்கினாலே தலைக்கு மேல் கரும்பருந்தும் செம்பருந்தும் வட்டமிட ஆரம்பிக்கும். அதே கரும்பருந்து இனம் வட ஆஸ்திரேலியாவில் எரியும் குச்சியைக் கால்களில் பற்றிக்கொண்டு போய், எரியாத புல்லில் போட்டு, தப்பி ஓடும் எலியையும் பூச்சியையும் பிடிக்கிறது என்று அங்குள்ள பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2017-இல் ஆய்வாளர்கள் அந்தச் சாட்சியங்களைத் தொகுத்துக் கட்டுரையாக வெளியிட்டார்கள்! இங்கே நமக்கான பாடம் ஒன்று உண்டு. கொள்ளிக்கட்டையை விட்டுவிட்டு நகராதீர்கள். மீன் செதிலையும் குடலையும் வெளியே வீசிப் பருந்துக்கும் காக்கைக்கும் பழக்காதீர்கள். கழிவு முழுக்க மூடியிட்ட டப்பாவில் வீட்டுக்குத் திரும்பட்டும்.

கரிமீனுக்கு அப்பாவும் அம்மாவும் காவல், தெரியுமா?

2010-இல் கேரளத்தின் மாநில மீன் ஆன கரிமீன், முட்டையையும் குஞ்சுகளையும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து காக்கும் மீன்! மஞ்சள், மிளகு, இஞ்சி, சின்ன வெங்காய மசாலா தடவி, வாட்டிய வாழையிலையில் பொதிந்து தோசைக்கல்லில் வைத்தால் கரிமீன் பொள்ளிச்சது. வெட்டவெளிச் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இலையின் ஈரமும் மீனின் ஈரமும் இருக்கும்வரை உள்ளே ஆவிதான் வேலை செய்யும். ஆகவே காற்றில் தீ ஆடினாலும் மீன் கருகாது, உடையாது. தட்டும் தேவையில்லை, கழுவ நீரும் தேவையில்லை!

கப்பையை ஏன் மூடாமல் வேகவைக்க வேண்டும்?

மீன்குழம்புக்கு ஜோடி கப்பை, அதாவது நம் மரவள்ளி. 1880-இலிருந்து 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு, இன்று கேரளத்தின் உயிர்! ஆனால் பச்சைக் கிழங்கில் சயனைடை உண்டாக்கும் பொருள் உண்டு. தோலைச் சீவி, நிறைய நீரில் திறந்து கொதிக்கவிட்டு, அந்த நீரை வடித்துக் கொட்ட வேண்டும். வடித்த நீரை வயலிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மேட்டு மண்ணில் ஊற்றுங்கள்.

கடிகாரம் கட்டாத குருவி!

காரில் தங்குபவருக்கு ஒரு பரிசு இருக்கிறது. பகலில் வந்து போகிறவருக்கு அது கிடைக்காது. குளிர்காலத்தில் தோப்புகளில் தங்கும் பொன்னுத்தொட்டான், விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். காலை ஆறு, மாலை ஆறு! அதனால்தான் தமிழில் அதற்கு ‘ஆறுமணிக்குருவி’ என்று இன்னொரு பெயர். பச்சை முதுகு, நீலத்தோள், சிவந்த அடிவயிறு. உடம்பில் இத்தனை வண்ணத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சருகுக்குள் ஒளிந்திருக்கும்!

தண்ணீரைத் தட்டினால் நீல வெளிச்சம்!

மழைக்கு முந்தைய கோடை மாதங்களில், வயல்நீரில் உப்பு ஏறியிருக்கும் நிலவில்லா இரவுகளில், கும்பளங்கியில் ‘கவரு’ பூக்கிறது. கையால் நீரை அளைந்தால் நீல ஒளி சிதறும்! கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் வெளியிடும் குளிர்ந்த ஒளி அது. 2019-இல் வந்த ‘கும்பளங்கி நைட்ஸ்’ படத்துக்குப் பிறகு உலகம் இதைத் தேடி வருகிறது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கண் பழகக் கால் மணி நேரம் காத்திருங்கள்.

கூடாரத்திலிருந்து பிறந்த சரணாலயம், தெரியுமா?

முகாம் போட்டுப் பறவை பார்ப்பது புதுப் பழக்கமா என்ன? 1933-இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க முகாம் முகாமாகச் சுற்றினார். மனைவி தெஹ்மினாவும் உடன் வந்தார். பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டைக் கண்டு சாலிம் அலி வியந்து எழுதினார். சரியாக 50 ஆண்டு கழித்து, 1983-இல், 25 சதுர கிலோமீட்டரில் அங்கே பறவைகள் சரணாலயம் அமைந்தது! கொச்சியிலிருந்து காலையில் புறப்பட்டால் காலைச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அங்கே பகலில் காய்ந்த இலைபோல் கிளையில் உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் ஒரே ஒரு முட்டைதான் இடும். பகலில் அடைகாப்பது அப்பா, இரவில் அம்மா! ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சரணாலயத்துக்குள் தீ மூட்டுவதும் அனுமதியின்றித் தங்குவதும் குற்றம். வண்டியும் அடுப்பும் வெளியே, தங்குமிடங்களின் முற்றத்தில்.

மூணாற்றில் சாதம் ஏன் வேக மறுக்கிறது?

கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை வழியே தொண்டி வரை போகும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூணாறு. அங்கே காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது! தேங்காயெண்ணெயும் சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். ஆகவே மலைக்குப் போகும் காரில் குக்கர் கட்டாயம். எண்ணெய்க்கு அகல வாய் டப்பா கட்டாயம்!

உயிரைக் காக்கும் ஒரு விஷயம், தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்!

கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறந்தது. வண்டியில் தங்கும் ஆசை பரவட்டும், நல்லதுதான். ஆனால் 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். காரணம், ஜெனரேட்டர் புகையிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய காருக்குள் அடுப்போ கரியோ ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். என்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்காதீர்கள். இரண்டு ஜன்னலை விரற்கடை திறந்து, கொசுவலையை ஒட்டிக்கொள்ளுங்கள். போதும்!

நீங்கள் எண்ணிய கொக்கும் கணக்கில் சேரும்!

2015-இலிருந்து 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கேரளம் முழுக்கக் கட்டம் கட்டமாகச் சுற்றி ‘கேரளப் பறவை வரைபடம்’ தயாரித்தார்கள். மாநில அளவில் இந்தியாவிலேயே முதல் முயற்சி! 361 வகைகள் பதிவாயின. அவர்களில் பலர் நம்மைப் போலச் சாதாரண வேலைக்குப் போகிறவர்கள். ஓணத்துக்கு ஒரு கணக்கெடுப்பு, பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கணக்கெடுப்பு. கஞ்சி வேகும் 20 நிமிடத்தில் பார்த்ததை எழுதி ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினாலே அது அறிவியல்!

வயலை எல்லோருக்கும் திறந்துவிடும் நாள், தெரியுமா?

ஏப்ரல் நடுவில் கெட்டுக் காலம் முடிந்ததும் ‘கெட்டு கலக்கல்’. குத்தகைக்காரரின் உரிமை தீர்ந்துபோகும். மிச்ச மீன் ஊராருக்கு! குழந்தைகளும் பாட்டிகளும் கூடையோடு சேற்றில் இறங்குவார்கள். அவர்களுக்கு இரண்டடி தள்ளி வெண்கொக்குகள் நின்று, கால் கலக்கிய சேற்றிலிருந்து துள்ளுவதைக் கொத்தும். யாரும் யாரையும் விரட்டுவதில்லை.

ஒரு காலத்தில் 25,000 ஹெக்டேர் என்று சொல்லப்பட்ட பொக்காளி நிலத்தில் இன்று மிஞ்சியிருப்பது சிறு பங்கு. கூலி கட்டுப்படியாகவில்லை, ஆள் இல்லை, விளைந்த கதிரை நீலக்கோழி ஒடிக்கிறது என்று விவசாயி நெல்லைக் கைவிட்டால், தாள் இல்லை. தாள் இல்லாவிட்டால் இறாலுக்கு உணவில்லை, இறால் இல்லாவிட்டால் ஆலா எதற்கு வரும்? ஆகவே அடுத்த முறை பைனாகுலரோடு போகும்போது ஒரு பையும் கொண்டு போங்கள். பொக்காளி அரிசி இரண்டு கிலோ, அந்த வயல்காரரிடமே வாங்குங்கள். கஞ்சி வைத்துக் குடியுங்கள். ஆலா அடுத்த நவம்பரிலும் வந்து இறங்க, நாம் கொடுக்கும் பந்திப் பணம் அது!